பிறந்த தேதி ஒன்று, வயது பல: ஏடிஎச்டியும் வளர்ச்சித் தாமதமும் சேர்ந்த பிள்ளையை வளர்ப்பது

"அவங்கப்பாவும் நாலு வயசு வரைக்கும் பேசலையே, இப்ப வாயை மூடுறாரா?" மலேசியாவின் பினாங்குத் தமிழ்க் குடும்பத்தில் ஒரு தாய், பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான் என்று கவலைப்பட்டால், பாட்டியோ அத்தையோ முதலில் சொல்லும் ஆறுதல் அநேகமாக இதுதான். இந்த ஆறுதலுக்குள் ஒரு முக்கியமான தகவல் ஒளிந்திருக்கிறது. குழந்தை மருத்துவர் கேட்டால் உடனே குறித்துக்கொள்வார். ஏடிஎச்டி என்று நாம் சுருக்கிச் சொல்லும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு குடும்ப வழியாக வருவது. இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வுகள் அதில் மரபின் பங்கு 70 முதல் 80 விழுக்காடு என்கின்றன. உயரத்தில் மரபுக்கு இருக்கும் பங்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்பா சின்ன வயதில் அப்படி இருந்தார் என்பதால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. பிள்ளைக்கு ஏன் இருக்கிறது என்பதற்கே அது விடையாக இருக்கலாம். அப்பா பள்ளியில் எத்தனை அடி வாங்கினார், எத்தனை வேலையில் நிலைக்காமல் வந்தார் என்று அதே பாட்டியிடம் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள், மீதிக் கதையும் வரும்.

கைப்பேசி வந்த பிறகு முளைத்த நோய் இது என்பவர்களும் உண்டு. 1902-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் ஆற்றிய உரைகளில், அறிவில் குறையில்லாமல், ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் தவிக்கும் பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். வானொலிகூட வீட்டுக்கு வராத காலம் அது. இன்று மருத்துவர்கள் பெரிதும் பின்பற்றும் அளவுகோல், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5. கவனக் குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், மிகையியக்கத்துக்கும் அவசரப் போக்குக்கும் சேர்த்து ஒன்பது. ஏதேனும் ஒரு பிரிவில் குறைந்தது ஆறு அறிகுறிகள் பொருந்த வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். அதோடு, வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் சமர்த்தாக இருந்து வீட்டில் மட்டும் ஆடுகிற பிள்ளை என்றால், காரணத்தை வீட்டில் தேடுவதுதான் முதல் வேலை. உலக அளவில் ஏறக்குறைய 5 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி இருப்பதாகக் கணக்கு. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவர், மிஞ்சினால் இருவர்.

வளர்ச்சித் தாமதம் வேறு சங்கதி. நடை ஓட்டம், விரல் வேலை, பேச்சு, சிந்தனை, மற்றவரோடு பழகுவது, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது ஆகியவற்றில் இரண்டிலோ அதற்கு மேலோ பிள்ளை வயதுக்குக் கணிசமாகப் பின்தங்கியிருந்தால் அதை முழுமை வளர்ச்சித் தாமதம் என்கிறார்கள். டிஎஸ்எம்-5 கணக்கில் இது ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பெயர், அதுவும் தற்காலிகப் பெயர். ஐந்தைத் தாண்டியதும் முறையாகச் சோதித்துப் பார்த்தால் சிலர் எட்டிப் பிடித்திருப்பார்கள். சிலருக்கு அறிவுத்திறன் குறைபாடு, சிலருக்கு ஆட்டிசம், சிலருக்குப் பேச்சில் மட்டும் சிக்கல் என்று தெரியவரும். காரணங்களும் பல: குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், மரபணு மாற்றங்கள், தைராய்டு குறைபாடு. எல்லாச் சோதனையும் செய்தபின்னும் காரணம் பிடிபடாத பிள்ளைகள் ஏராளம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்கள் அதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுவது நல்லது. எந்த மரபணுச் சோதனையை எடுக்கலாம் என்று முடிவு செய்ய அது உதவும்.

இந்த இரண்டும் ஒரே பிள்ளைக்கு வரும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. டிஎஸ்எம்-5 போடும் நிபந்தனை ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. கவனக் குறைவும் துறுதுறுப்பும் பிள்ளையின் வளர்ச்சி நிலைக்குப் பொருந்தாத அளவில் இருந்தால்தான் ஏடிஎச்டி. பிறந்த தேதி அங்கே பேசுவதில்லை. ஆறு வயதுப் பையன், ஆனால் புரிதல் மூன்றரை வயதுக்குரியது என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை வயதுப் பிள்ளை கதைப் புத்தகத்தோடு எவ்வளவு நேரம் உட்காருமோ அவ்வளவுதான் அவனும் உட்காருவான். அதை ஏடிஎச்டி என்று சொல்வது தவறு. அந்த மூன்றரை வயதுக்கே உரிய பொறுமையும் அவனிடம் இல்லையென்றால், அப்போது இரண்டும் இருக்கின்றன என்று பொருள்.

மருத்துவருக்கான இந்த விதியைத்தான் பெற்றோரும் வீட்டில் கைக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு வயது கிடையாது. ஓடுவதில் ஆறு, பேசுவதில் மூன்று, பட்டன் போடுவதில் நான்கு, ஆத்திரத்தை அடக்குவதில் இரண்டு, கைப்பேசியில் யூடியூப் தேடுவதில் பத்து. நம் வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை, அந்தந்த வேலையில் பிள்ளை எந்த வயதில் இருக்கிறது என்று பார்க்காமல் பிறந்தநாள் கேக்கில் எத்தனை மெழுகுவத்தி என்று பார்ப்பதால் மூளுகின்றன. "ஆறு வயசாச்சு, இன்னும் இது தெரியலையா?" என்ற கேள்விக்கு உண்மையான பதில்: ஆமாம், இந்த வேலையில் அவனுக்கு ஆறு ஆகவில்லை.

மூளை ஆய்விலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்கத் தேசிய மனநலக் கழகத்தில் பிலிப் ஷா தலைமையிலான குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் மேற்பட்டை உச்சத் தடிமனை எட்டும் வயது, மற்ற பிள்ளைகளுக்கு நடுக்கணக்காக ஏழரை என்றால் ஏடிஎச்டி உள்ளவர்களுக்குப் பத்தரை என்று தெரியவந்தது. வளரும் வரிசை அதேதான், காலம்தான் பிந்துகிறது. அதிலும் கவனத்தையும் அடக்கத்தையும் பார்த்துக்கொள்ளும் முன்பகுதியில் தாமதம் அதிகம். உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பெற்றோருக்கு ஒரு கைக்கணக்கு சொல்வார்: தன்னைக் கட்டுப்படுத்தும் விஷயத்தில் ஏடிஎச்டி பிள்ளையின் வயதிலிருந்து ஏறத்தாழ 30 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பெண் ஏழு வயதுக்காரி போல நடந்துகொள்வாள். தோராயம்தான், ஆனாலும் எதிர்பார்ப்பைச் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தப் போதும். வளர்ச்சித் தாமதமும் இருந்தால் அந்தக் கழிவு ஏற்கெனவே பின்தங்கிய வயதிலிருந்து நடக்கிறது.

நாட்டின் ஏற்பாடுகளோ நாள்காட்டியை நம்பி நடப்பவை. வழக்கமாக ஏழு வயது நிறையும் ஆண்டில் பிள்ளை முதலாம் ஆண்டுக்குப் போகிறது. ஜனவரியில் பிறந்ததும் டிசம்பரில் பிறந்ததும் ஒரே வகுப்பில், கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளியோடு. வகுப்பில் வயதில் இளைய பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி முத்திரை கூடுதலாக விழுகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் பிள்ளை நவம்பர், டிசம்பரில் பிறந்திருந்து ஆசிரியர் குறை சொன்னால், அதே மாதத்தில் பிறந்த மற்ற பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு கவலைப்படலாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே மூன்று மொழி, இரண்டு எழுத்துமுறை. சாதாரணப் பிள்ளைக்கே மூச்சு வாங்கும்.

சரி, வீட்டில் என்ன நடக்கிறது? காலை ஆறே கால். "எழுந்திரு, பல்லு விளக்கு, குளிச்சிட்டுச் சட்டை போட்டுக்கிட்டு, பேக்கை எடுத்துக்கிட்டு வா, வேன் வந்திரும்." ஒரே மூச்சில் ஐந்து வேலை. கேட்டதைச் சிறிது நேரம் மனத்தில் பிடித்து வைத்திருக்கும் திறன் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவு. இரண்டு இட்லிக்குத்தான் இடமுள்ள தட்டில் ஐந்தை வைத்தால் மூன்று கீழே விழும். குளியலறை வாசலில் நின்று பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பான். சொன்ன பேச்சைக் கேட்காத திமிர் என்று நாம் நினைப்போம். அவனுக்கோ மூன்றாவது வேலையிலிருந்து எதுவுமே காதில் தங்கவில்லை. அருகில் போய், அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து, தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையைச் சொல்லி, முடிந்ததும் அடுத்ததைச் சொல்ல வேண்டும். பேச்சு குறைவான பிள்ளைக்கு வார்த்தையைவிடப் படம் எடுபடும். பல்துலக்கி, வாளி, சட்டை, பை என்று நான்கு படங்களைக் கையால் வரைந்து சுவரில் ஒட்டினாலே போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. சமையலறைக் கடிகாரத்தின் மணி அம்மாவின் குரலைவிட நல்ல வேலையாள். அதோடு எதிர்த்துப் பேசிப் பயனில்லை என்று பிள்ளைக்குத் தெரியும்.

நம் வீடுகளில் கதவுக்குப் பின்னால் தொங்கும் ரோத்தான் பிரம்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பிள்ளைகளிடம் அது வேலை செய்யாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பலன் தள்ளிப்போகப் போக அதன் மதிப்பு எல்லாருக்கும் குறையும், ஏடிஎச்டி மூளைக்கு அது மிக வேகமாகக் குறைகிறது. சாயங்காலம் அப்பா வந்து அடிப்பார் என்ற பயம் காலை பத்து மணிக்கு அவன் கையைத் தடுக்காது, ஏனென்றால் சாயங்காலம் என்பது அவனுக்கு வெகுதொலைவு. அடி விழும்போது செய்த காரியம் மறந்தே போயிருக்கும். நினைவில் நிற்பது அடித்தவர் மட்டும். பாராட்டுக்கும் இதே விதிதான். "மாசக் கடைசியில சைக்கிள் வாங்கித் தரேன்" என்பது காற்றில் போகும். செருப்பை அதன் இடத்தில் விட்ட அந்த நொடியில் "அட, செருப்பை எடுத்து வச்சிட்டியே!" என்று சொன்னால் ஒட்டிக்கொள்ளும். என்ன செய்தான் என்பதைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். வெறும் "கெட்டிக்காரன்" போதாது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன்னால் பெற்றோருக்கு இந்த முறைகளில் பயிற்சி கொடுப்பதைத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டி முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. பயிற்சி பிள்ளைக்கு இல்லை, நமக்கு. அம்மாக்கள் சிலர் இதைக் கேட்டு நொந்துபோகிறார்கள், நம்மைக் குற்றம் சொல்கிறார்களோ என்று. குற்றச்சாட்டு எதுவும் இதில் கிடையாது. சாதாரணப் பிள்ளைக்குப் போதுமான வளர்ப்பு இந்தப் பிள்ளைக்குப் போதவில்லை என்பதுதான் சேதி.

எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் நாள் முழுவதும் சண்டைதான். ரோட்டில் ஓடுவது, அடிப்பது, கடிப்பது ஆகியவற்றுக்கு மட்டும் கண்டிப்பு வைத்து, சோற்றை மேசையில் சிந்துவது, நின்றுகொண்டே எழுதுவது, காலை ஆட்டிக்கொண்டே இருப்பது போன்றவற்றை விட்டுவிடலாம். ஆபத்து விஷயத்தில் மட்டும் அசட்டை கூடாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடினால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அம்மாவின் கைப்பேசி எண்ணை மணிக்கட்டுப் பட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள், கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள். உறுமியும் ஒலிபெருக்கியும் தாங்காத பிள்ளைக்குக் காதுக் கவசம் மாட்டிவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் நினைக்கட்டும். வேண்டுதல் வைப்பவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. பால்குடம் எடுத்த கையோடு மருத்துவமனைத் தேதியையும் தவறவிடாமல் இருந்தால் சரி.

சீனி, மைலோ பானம் பற்றிய கேள்வி எல்லாரும் கேட்பது. சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுகிறதா என்று பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 1995-இல் வந்த பகுப்பாய்வு, மாற்றவில்லை என்று முடித்தது. பல்லுக்காகவும் உடம்புக்காகவும் சீனியைக் குறைக்கலாம், துறுதுறுப்பு குறையும் என்று எதிர்பார்த்து வேண்டாம்.

மொழி விஷயத்தில் பல குடும்பங்கள் வழிமாறிப் போகின்றன. "பிள்ளைக்குப் பேச்சு வரலையா? வீட்டுல ஒரே மொழி பேசுங்க, இங்லீஷ்ல பேசுங்க" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். சில நேரம் அது வெள்ளைக் கோட்டுப் போட்டவராகவும் இருக்கிறார். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளும் இருமொழிச் சூழல் அவர்களை மேலும் பின்னுக்குத் தள்ளுவதாகக் காட்டவில்லை. தமிழை நிறுத்துவதில் நட்டம்தான் தெளிவாகத் தெரிகிறது. பெற்றோருக்கு இங்லீஷ் சரளமில்லை என்றால் வீட்டுப் பேச்சு "கம்", "சிட்", "நோ" என்று கட்டளையாகச் சுருங்கிவிடும். பேச்சு வளர்வது கட்டளையால் இல்லை. கதையால், கொஞ்சலால், மீன் வாங்கப் போகும்போது வழிநெடுக நடக்கும் வம்பளப்பால் வளர்கிறது. பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஊமையாகிவிடுவார்.

சொற்களை எண்ணும்போதும் இது நினைவில் இருக்கட்டும். பட்டர்வொர்த் வீட்டில் வளரும் பிள்ளை "தண்ணி", "மாக்கான்" (மலாயில் சாப்பிடு), "பஸ்" என்று மூன்று சொன்னால் அது மூன்று சொல். தமிழில் ஒன்றுதான் தெரியும் என்று கணக்குப் போட்டால் பிள்ளை உள்ளதைவிடப் பின்தங்கியதாகத் தெரியும். மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் சோதிக்கும்போதும் அதேதான் நேர்கிறது. தமிழ் தெரிந்த பேச்சுச் சிகிச்சையாளர் கிடைப்பது எளிதில்லை. அதனால் பிள்ளை சொல்லும் சொற்களை, எந்த மொழியாக இருந்தாலும், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிகிச்சையாளரின் பயிற்சியை மலாயில் கேட்டு வந்து வீட்டில் தமிழில் செய்யலாம்.

முதலில் எங்கே போவது? அரசாங்கக் கிளினிக்கில் தொடங்குவதே நல்லது. பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் எடுத்த தைராய்டுச் சோதனையைப் பற்றியும் மருத்துவர் கேட்கலாம். அங்கிருந்து கடிதம் வாங்கித் தீவில் இருப்பவர்கள் பினாங்குப் பொது மருத்துவமனைக்கும், பெருநிலத்தில் இருப்பவர்கள் செபராங் ஜெயா மருத்துவமனைக்கும் போகலாம். குடிமக்களுக்குச் சாதாரண மருத்துவர் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் 5 வெள்ளி. காத்திருப்புதான் நீளம். தனியார் தெரப்பி ஒரு முறைக்கே நூறு வெள்ளியைத் தாண்டும். காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல் காது கேட்கிறதா என்ற சோதனையை முடித்துவிடலாம். "கூப்பிட்டா திரும்புறானே" என்பது போதாது. நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளை உரத்த சத்தத்துக்குத் திரும்பும், ஆனால் சொற்களைத் தெளிவாகக் கேட்காது. கண், இரும்புச்சத்து, இரவில் குறட்டை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். டான்சில் வீங்கித் தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் ஏடிஎச்டி போலவே நடந்துகொள்ளும். நடுநடுவே சில நொடி வெறித்துப் பார்த்து நின்றால் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள், ஒருவகை வலிப்பாக இருக்கலாம்.

மருந்து என்றதும் வீடு இரண்டாகப் பிரியும். மெத்தில்பெனிடேட், கடைப்பெயரில் ரிட்டலின் அல்லது கான்செர்ட்டா. 1944-இல் சுவிட்சர்லாந்தில் லியாந்திரோ பனிசோன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது, தன் மனைவி ரீட்டாவின் பெயரை அதற்கு வைத்தார். அவ்வளவு பழைய மருந்து. நம் நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் ஒன்று என்பதால் சீட்டு இல்லாமல் கிடைக்காது. சாதாரண மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம், நீடித்து வேலை செய்வது பன்னிரண்டு மணி நேரம் வரை. பிள்ளைக்குப் பசி குறையும், தூக்கம் தள்ளும், சிலருக்கு வயிற்றுவலி. அதனால் மாத்திரைக்கு முன்பே காலைச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, இரவு மருந்து இறங்கியபின் வரும் பசிக்கு இரண்டாவது சாப்பாட்டையும் தயாராக வைத்திருக்கும் அம்மாக்கள் பிள்ளையின் எடையைக் காப்பாற்றிவிடுகிறார்கள். உயரம், எடை, இரத்த அழுத்தம் மூன்றையும் கிளினிக்கில் தொடர்ந்து பார்ப்பார்கள். சாயங்காலம் மருந்து இறங்கும் நேரத்தில் பிள்ளை சிடுசிடுவென்று இருக்கும். டியூஷனை அந்த நேரத்தில் வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் பின்தொடர்ந்து 1999-இல் முடிவை வெளியிட்ட பெரிய ஆய்வில், கவனம், துறுதுறுப்பு போன்ற அடிப்படை அறிகுறிகளில் முறையாகக் கண்காணித்த மருந்துதான் நடத்தைப் பயிற்சியை முந்தியது. இரண்டும் சேர்ந்தபோது மற்றவரோடு பழகுவது, பெற்றோர் பிள்ளை உறவு ஆகியவற்றில் கூடுதல் பலன் தெரிந்தது. ஆனால் வளர்ச்சித் தாமதம் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை: அறிவுத்திறன் குறைபாடு இருந்தால் மருந்து பலனளிக்கும் வாய்ப்பு குறைவு, பக்க விளைவுக்கு வாய்ப்பு கூடுதல். கொஞ்சமாகத் தொடங்கி மெதுவாக ஏற்றும் மருத்துவரை நம்புங்கள். இரண்டு வாரத்தில் அதிசயம் நடக்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். மருந்து பேச்சைக் கற்றுக்கொடுக்காது, பட்டன் போடவும் சொல்லித் தராது. தெரப்பி மேசையில் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார வைக்கும், கற்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

அடுத்தது ஓகேயூ எனும் மாற்றுத்திறனாளி அட்டை. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை ஒட்டி, சமூக நல இலாகா ஏழு பிரிவுகளில் பதிவு செய்கிறது. ஏடிஎச்டியும் வளர்ச்சித் தாமதமும் கற்றல் பிரச்சினை என்ற பிரிவில் வரும். மருத்துவர் பாரம் நிரப்பித் தர வேண்டும். பெண்பிள்ளையாக இருந்தால் "நாளைக்குக் கல்யாணத்துக்கு வர்றவங்க என்ன சொல்வாங்க" என்று உறவுக்காரர் ஒருவர் தவறாமல் கேட்பார். அட்டையை நெற்றியில் ஒட்டப்போவதில்லை, பதிவு கட்டாயமும் இல்லை. ஆனால் அது இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் கட்டண விலக்கு உண்டு. சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை உண்டு. வருமான வரியில், 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான கழிவு 6,000 வெள்ளியிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது. பரிசோதனைக்கும் ஆரம்பகாலச் சிகிச்சைக்கும் ஆகும் செலவுக்கான கழிவு அதே 2025 மதிப்பீட்டு ஆண்டில் 4,000-இலிருந்து 6,000 ஆனது. தெரப்பி ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பள்ளி மூன்று வகை. சிறப்புக் கல்விக்கென்றே தனிப் பள்ளி, சாதாரணப் பள்ளிக்குள் இயங்கும் பிபிகேஐ எனும் ஒருங்கிணைந்த சிறப்பு வகுப்பு, சாதாரண வகுப்பிலேயே உட்கார வைக்கும் இணைப்புத் திட்டம். 2019-இலிருந்து கல்வியமைச்சு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையை வைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைப்படி, சேர்க்கும்போது மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் உண்டு. தமிழ்ப்பள்ளிகள் எல்லாவற்றிலும் பிபிகேஐ கிடையாது, சிலவற்றில்தான் இருக்கிறது. இங்கே பெற்றோர் முன்னால் ஒரு கடினமான தேர்வு நிற்கிறது: பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் சாதாரண வகுப்பா, தள்ளியிருக்கும் தேசியப் பள்ளியின் சிறப்பு வகுப்பா? ஏடிஎச்டி மட்டும் உள்ள பிள்ளை என்றால் நான் தமிழ்ப்பள்ளிப் பக்கம். ஆசிரியருக்குப் பக்கத்தில் இடம், துண்டு துண்டாகப் பாடம், நடுவில் எழுந்து நடக்கச் சின்ன வேலை என்று ஆசிரியர் ஒத்துழைத்தால் சமாளிக்கலாம். பேச்சும் புரிதலும் இரண்டு மூன்று வருடம் பின்தங்கிய பிள்ளையை, மானத்துக்காக அதே வகுப்பில் உட்கார வைத்தால் ஆறு வருடமும் அது கடைசி மேசையில் ஓவியம் வரைந்துகொண்டிருக்கும். சிறிய வகுப்பு, உதவியாளர், தன் வேகத்துக்குப் பாடம் என்றால் மலாய் மொழியிலும் பரவாயில்லை, தமிழை வீட்டில் காப்பாற்றிக்கொள்ளலாம். சண்டை போட வேண்டியது மாவட்டக் கல்வி இலாகாவிடம்: இன்னும் சில தமிழ்ப்பள்ளிகளில் இந்த வகுப்பைத் திறக்க.

பள்ளிக்கு முந்தைய வயதுக்கு, சமூக நல இலாகாவின் பிடிகே எனும் சமூக மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 1984-இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவிய திட்டம். பினாங்கில் ஆசியா கம்யூனிட்டி சர்வீஸ் போன்ற அமைப்புகளும் சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சியை நடத்துகின்றன.

பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல். இந்தப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான நேரமுறை வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு என்று அம்மாவின் நேரமே மாறிக்கொண்டிருந்தால்? வீட்டின் முழு நாளையும் ஒழுங்காக்க முடியாது. எழுந்தபின் அரைமணி, தூங்குமுன் அரைமணி, இந்த இரண்டை மட்டும் யார் வீட்டில் இருந்தாலும் ஒரே மாதிரி நடத்தினால் பெரும்பகுதி சமாளிக்கலாம். அதற்குப் பாட்டியும் அப்பாவும் ஒரே விதிக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். அம்மா "இல்லை" என்றதைப் பாட்டி பத்து நிமிடத்தில் "பாவம்" என்று கொடுத்துவிட்டால், அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும். மற்ற எதைக் கற்கத் தாமதமானாலும் இதைக் கற்கத் தாமதமே ஆகாது.

மருத்துவமனைக்கு அம்மா மட்டும் வருவதும் வழக்கமாகிவிட்டது. மருத்துவர் சொன்னதை வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு, மாமியாருக்கு, நாத்தனாருக்கு என்று தனித்தனியாகச் சொல்லி, ஒவ்வொருவரின் சந்தேகத்துக்கும் பதிலும் சொல்லியே அவர் ஓய்ந்துவிடுகிறார். முதல் இரண்டு சந்திப்புக்காவது அப்பா விடுப்பெடுத்து வந்துவிடுவது மாத்திரை அளவுக்கு முக்கியம். அப்பாவுக்கும் ஏடிஎச்டி இருக்கலாம் என்று தொடக்கத்தில் பார்த்தோம். அப்படியிருந்தால் மின்கட்டணத்தை மறப்பவரிடமே மருந்து நேரத்தை ஒப்படைக்கக் கூடாது. கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது தனியாகக் கொடுங்கள். அண்ணனின் பையைத் தூக்கியே வளரும் தங்கைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

ஓட்டமும் தாவலும் பதின்ம வயதில் பெரும்பாலும் தணியும், மறதியும் ஒழுங்கின்மையும் பலருக்குத் தொடரும். ஆறாம் ஆண்டு முடிந்தபின், இடைநிலைப்பள்ளிக்கு முன் மலாய் மொழிக்காகப் படிக்கும் புகுமுக வகுப்பா, நேரே முதலாம் படிவமா, இடைநிலைப்பள்ளியின் பிபிகேஐயா என்ற கேள்வி வரும். சிறப்புக் கல்வியில் 19 வயது வரை இருக்கலாம், கைத்தொழில் பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பக்கத்துக் கெடாவின் மெர்போக்கில் சிறப்புக் கல்வித் தொழிற்பயிற்சி இடைநிலைப்பள்ளி இருக்கிறது. எதற்கும் அண்மைய மருத்துவ, உளவியல் அறிக்கை கேட்பார்கள், நான்கு வயதில் எடுத்தது செல்லாது. ஐந்தாம் ஆண்டு தொடங்கும்போதே மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கிவிடுங்கள், வரிசை நீளம்.